ஆடத் தெரியாதவளுக்கும் ஒரு கப்பல்

1939ஆம் ஆண்டு கோடையில் ஹில்டே ஹோல்கர் என்ற நடனக் கலைஞர் வியன்னாவிலிருந்து தப்பிப் பம்பாய் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 33. அவருடைய தாயும் மாற்றாந்தந்தையும் உடன்பிறந்தவளும் ஐரோப்பாவில் மாட்டிக்கொண்டார்கள். நாஜிகளின் இன அழிப்பில் அவர்களும் இன்னும் பல உறவினர்களும் கொல்லப்பட்டார்கள். பம்பாயில் கரையிறங்கியவர் 2001இல், தன் 95ஆம் வயதில், லண்டனில் இறந்தார்.

ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி பிழைத்தாள், ஒருத்தி பிழைக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்: கலை அவரைக் காப்பாற்றியது. கேட்க இனிமையான வாக்கியம். கவிதை எழுதுகிறவள், கவிதை பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கும் அது இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. கலை ஒருத்தியைக் காப்பாற்றியது என்றால், கலை தெரியாத இன்னொருத்தியைக் காப்பாற்ற எதுவும் இல்லை. அதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோமா? உயிரோடு இருக்க ஒரு மனுஷிக்குத் தகுதி வேண்டுமா? இந்தக் கட்டுரை கேட்க விரும்புவது அவ்வளவுதான்.

ஹோல்கர் பிறந்தது 1905இல், வியன்னாவின் ஒரு யூதக் குடும்பத்தில். இளவயதிலேயே கெர்ட்ரூட் போடன்வீசரிடம் நடனம் கற்றார். போடன்வீசர் அந்தக் காலத்து வியன்னாவின் பெரிய ஆசிரியை, அவரும் யூதர். பாலே நடனத்தின் இறுக்கமான காலணியையும் தேவதைக் கதைகளையும் உதறிவிட்டு, பெண் உடல் தன் அச்சத்தையும் கோபத்தையும் ஆசையையும் தானே பேசட்டும் என்று கிளம்பிய தலைமுறை அது. போடன்வீசர் 1924இல் அமைத்த ‘இயந்திர அரக்கன்’ என்ற நடனத்தில் பெண்கள் மெல்ல மெல்ல ஒரு பெரிய இயந்திரத்தின் உறுப்புகளாக மாறுவார்கள். ஹோல்கர் அவருடைய குழுவில் ஆடினார், பிறகு 1926இல் இருபது வயதைத் தாண்டியதுமே சொந்தப் பள்ளி தொடங்கினார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதர்கள் மேடையேறக் கூடாது என்றானது. பள்ளி போயிற்று, மேடை போயிற்று, அடுத்து உயிர்தான் மிச்சம் என்ற நிலையில் நண்பர் ஒருவரின் உதவியால் இந்தியாவுக்கு விசா கிடைத்தது.

பம்பாயில் 1940இல் ஆதி போமன்-பெஹ்ராம் என்ற பார்சி ஹோமியோபதி மருத்துவரை மணந்துகொண்டார். 1941இல் அந்த ஊரிலேயே ஒரு நவீன நடனப் பள்ளி திறந்தார். எந்த மதம், எந்த இனம் என்று கேட்காமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. ராம் கோபால் போன்ற இந்திய நடனக் கலைஞர்களோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. இந்திய நடனத்தின் கை முத்திரைகளைத் தானும் கற்றார். பிரிவினையின் இரத்தத்தைப் பார்த்துவிட்டு 1948இல் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இதுவரைக்கும் இது ஒரு வெற்றிக் கதை. வெற்றிக் கதையின் விளிம்பில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலைக் கொஞ்சம் பார்ப்போம்.

1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். யூத அகதிகளை என்ன செய்வது என்பது பேச்சு. அனுதாபம் நிறையப் பேசப்பட்டது, கதவுகள் அநேகமாக மூடியே கிடந்தன. திறந்த இடங்களிலும் ஒரு கேள்வி நின்றது: உன்னால் எங்களுக்கு என்ன பயன்? பிரிட்டன் சுமார் 20,000 அகதிகளை வீட்டு வேலைக்கான அனுமதியில் உள்ளே விட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வியன்னாவில் சொந்த வீட்டில் வேலைக்காரி வைத்திருந்தவர்கள், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள், ஆங்கிலேயர் வீட்டுச் சமையலறைகளுக்குப் போனார்கள். பாத்திரம் துலக்கும் கையாக இருந்தால் உள்ளே வரலாம். அந்தக் கையோடு ஒட்டியிருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அனுமதி கிடையாது.

பிரிட்டிஷ் இந்தியாவின் வாசலும் அப்படித்தான். வருகிறவர் அரசுக்குச் சுமையாக மாட்டார் என்று யாராவது பொறுப்பேற்க வேண்டும், அல்லது கையில் வேலை இருக்க வேண்டும். பம்பாயில் இருந்த யூத நிவாரணச் சங்கம் பலருக்காக அந்தப் பொறுப்பை ஏற்றது. காங்கிரசுக்குள் நேரு யூத அகதிகளுக்காக வாதாடினார். மருத்துவர்களும் பொறியாளர்களும் மற்ற வல்லுநர்களும் வந்தால் நாட்டுக்கு நல்லது என்பது அவர் வாதத்தின் முக்கியப் பகுதி. நேருவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்கு அந்தத் திசையில் பேசிய தலைவர்களே குறைவு. உள்ளே வந்தவர்களுக்கும் நிம்மதி உடனே வாய்க்கவில்லை. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களைப் பகைநாட்டார் என்று முகாம்களில் அடைத்தார்கள். நாஜிகளிடமிருந்து ஓடி வந்த யூதரும் அந்தக் கணக்கில் வந்தார். விசாரணைக்குப் பிறகு பலர் விடுவிக்கப்பட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். வாசல் சின்னது, வெளியே கூட்டம் பெரியது, யாரையாவது தேர்ந்துதானே ஆக வேண்டும்? விசா அலுவலகத்தில் அமர்ந்து கொண்டு, உயிர் எல்லாம் ஒன்று என்று தத்துவம் பேசினால் ஒரு உயிரும் தப்பாது. இவர் நல்ல மருத்துவர், இவர் நல்ல நடனக்காரர் என்று சொன்னால் ஓர் உயிராவது தப்பும். அப்படியென்றால் சொல்வதுதானே தர்மம்?

சொல்வதுதான் தர்மம். எனக்கு அதில் சந்தேகமில்லை. பம்பாய்ச் சங்கத்துக்காரர்கள் எந்த வாதத்தால் கதவு திறக்குமோ அந்த வாதத்தைச் சொன்னார்கள், சரியாகவே செய்தார்கள். ஆனால் காவல்காரனிடம் நாம் சொல்லும் காரணம் ஒன்று, கதவு திறக்கப்பட வேண்டியதற்கான காரணம் இன்னொன்று. முதல் காரணம் தந்திரம். இரண்டாவது காரணம், வெளியே நிற்பவள் கொல்லப்படப் போகிறாள் என்பது. அதற்குமேல் ஒரு காரணமும் தேவையில்லை. தந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, சொல்கிற நாமே அதை நம்பத் தொடங்கும்போதுதான் ஆபத்து வருகிறது. ஹன்னா ஆரண்ட் 1963இல் வெளிவந்த தன் நூலில், ஐக்மன் வழக்கைப் பற்றி எழுதும்போது, இதைத் தொட்டுக் காட்டினார். பிரமுகர்களான யூதர்களுக்கு மட்டும் விலக்குக் கேட்டவர்கள், கேட்கும்போதே, மற்றவர்களுக்கான விதியை ஒப்புக்கொண்டவர்கள் ஆனார்கள் என்பது அவர் வாதம். மேதையை நாடு கடத்தியதற்காக இன்றுவரை வருந்துகிற உலகம், பக்கத்துத் தெருவின் சாதாரணப் பையன் கொல்லப்பட்டதை அதைவிடப் பெரிய குற்றமாகப் பார்க்கத் தவறுகிறது என்பது அவருடைய கவலை.

திறமை நம்பகமான கதவும் இல்லை. தாத்யானா பார்பகோஃப் லாத்வியாவில் பிறந்து ஜெர்மனியில் புகழ்பெற்ற நடனக் கலைஞர். அவரை ஓவியர்கள் போட்டி போட்டு வரைந்தார்கள், சிற்பிகள் வடித்தார்கள். 1933இல் பாரிசுக்கு ஓடினார். 1940இல் பிரான்சின் கூர்ஸ் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து வெளியேறித் தெற்கே நீஸ் நகரில் இருந்தவரை 1944 தொடக்கத்தில் பிடித்து ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள், பிப்ரவரியில் கொன்றார்கள். ஹோல்கருக்குக் கற்பித்த போடன்வீசரின் கணவர் ஃப்ரீட்ரிஷ் ரோசந்தால் பெயர்பெற்ற நாடக இயக்குநர். மனைவி தன் நடனக் குழுவோடு கொலம்பியா வழியாக ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார், கணவர் பிரான்சில் பிடிபட்டு ஆஷ்விட்சில் இறந்தார். கலை காப்பாற்றும் என்பது உண்மையானால் பார்பகோஃபுக்குக் கலை போதவில்லை என்றல்லவா ஆகும்?

கலைஞர்கள் என்பதாலேயே ஒருவர் கதவின் நல்ல பக்கத்தில் நிற்பார் என்றும் சொல்ல முடியாது. நவீன நடனத்தின் பிதாமகர்களில் ஒருவரான ருடால்ஃப் லாபான் 1933 ஜூலையில் பெர்லின் அரசு ஓபராவின் குழந்தைகள் நடன வகுப்பிலிருந்து ‘ஆரியர்’ அல்லாத பிள்ளைகளை நீக்கச் செய்தார். சட்டத்தின் கெடுபிடி அவ்வளவு தூரம் வருவதற்கு முன்பே நடந்த வேலை அது. நடன வகுப்பில் கைகால் வீசிக்கொண்டிருந்த சின்னப் பெண்களின் பெயர்கள் ஒரு பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன. அடித்தவர் உடலின் விடுதலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர். அதே ஆண்டு கர்ட் யோஸ் என்ற நடன அமைப்பாளர், தன் குழுவின் யூத இசைக்கலைஞரை விலக்கச் சொன்னபோது மறுத்து, குழுவோடு ஜெர்மனியை விட்டே வெளியேறினார். இருவரும் ஒரே கலையைச் சேர்ந்தவர்கள், யோஸ் லாபானின் மாணவரும்கூட. கலை அவர்களுக்காக முடிவெடுக்கவில்லை. அவரவர் முடிவை அவரவர்தான் எடுத்தார்கள்.

லாபானை விட்டுவிட எனக்கு மனம் வராததற்கு இன்னொரு காரணம் உண்டு. 1936இல் கெபல்சின் கோபத்துக்கு ஆளாகி, 1938இல் அவரே இங்கிலாந்துக்கு அகதியாக வந்தார். போர்க்காலத்தில் ஆண்கள் முனைக்குப் போனதால் ஆலைகளுக்குப் பெண்கள் வந்தார்கள். எஃப். சி. லாரன்ஸ் என்ற நிர்வாக ஆலோசகரோடு சேர்ந்து லாபான் அந்தப் பெண்களின் அசைவுகளைக் கவனித்தார். கனமான டயரை வெறும் புஜபலத்தால் தூக்காமல் உடலின் ஊசலாட்டத்தைப் பயன்படுத்தித் தூக்குவது எப்படி, சோர்வு வராமல் கைவேலை செய்வது எப்படி என்று வகுத்துக் கொடுத்தார். 1947இல் இருவரும் இதை நூலாக்கினார்கள். உடலுக்கு நல்லது செய்த வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் பெண் உடலைப் பார்த்த கண்ணும் ஆலையில் பெண் உடலைப் பார்த்த கண்ணும் ஒன்றே என்பது என்னை உறுத்துகிறது. இந்த உடலால் என்ன முடியும், எவ்வளவு நேரம் முடியும்?

வல்லம் வடகாலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சில பேர் சேர்ந்து வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். வருகிறவர்கள் எல்லாரும் சுற்றுவட்டார ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, தருமபுரிப் பக்கம். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வருகிறவர்களும் உண்டு. ஒருமுறை ஹோல்கரின் கதையைச் சொன்னேன். பிழைத்தவரைப் பற்றியும் சொன்னேன், பிழைக்காதவர்களைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், “இவங்களுக்கு ஆட்டம் தெரிஞ்சுது, வந்துட்டாங்க. கூடப் பொறந்தவங்களுக்கு என்னா தெரியும் மேடம்?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் பக்கத்தில் இருந்தவள், “ஒண்ணும் தெரியலன்னா சாவணுமாடி?” என்று திருப்பிக் கேட்டாள். அதன்பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று. லைனில் கை வேகமாக உள்ளவர்களுக்கு ஒரு மரியாதை, டார்கெட் முடிக்காதவர்களுக்கு ஒரு மரியாதை. கல்யாணம் ஆனால் என்ன, மாசமானால் என்ன, கண் பார்வை மங்கினால் என்ன என்று ஒவ்வொருத்தியும் தன் ஊர்க்காரி ஒருத்தியின் கதையைச் சொன்னாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் ஆலைகளை நாஜி முகாமோடு ஒப்பிடுவது பொய். பொய் மட்டுமில்லை, கொல்லப்பட்டவர்களுக்குச் செய்யும் அவமரியாதையும்கூட. இந்தப் பெண்கள் சம்பளத்துக்கு வருகிறார்கள். அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைக்கிறார்கள், அடகு வைத்த நகையை மீட்கிறார்கள், பிடிக்காத மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் பெறுகிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் இடம். ஒரு கிராமத்து எல்லைக்குள் ஒரு சிறுநகரம் அளவு இளம்பெண்கள். வீட்டைவிட்டு வந்து தனியாக உறங்கி எழும் இந்தத் தலைமுறையின் சுதந்திரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

நான் சொல்வது வேறு. பயனை வைத்து மனிதரை அளக்கும் பழக்கம் அமைதியான காலத்திலேயே உருவாகிறது. 2024 ஜூனில், இந்தத் தொழில் வட்டாரத்தில் செல்போன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுக்காமல் ஒதுக்குவதாக ஒரு சர்வதேசச் செய்தி நிறுவனம் எழுதியது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது, நிறுவனம் அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. அந்தச் செய்தியை நம் வீடுகளில் எப்படிப் பேசினார்கள் என்பதையே கவனித்தேன். “கல்யாணமானா லீவு போடுவாங்க, கொழந்த பெத்துப்பாங்க, கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்” என்று சாதாரணமாகச் சொன்னார்கள். கெட்டவர்கள் சொல்லவில்லை, அத்தைகளும் சித்தப்பாக்களும் சொன்னார்கள். பயன் இல்லாதவளுக்கு இடம் இல்லை என்பது அவர்களுக்கு ஓர் அரசியல் கருத்தாகவே படவில்லை, மழை பெய்தால் நனையும் என்பது போல ஒரு விஷயமாகப் பட்டது. நல்ல காலத்தில் இந்த எண்ணம் ஒரு வேலையைப் பறிக்கிறது. கெட்ட காலத்தில் எதைப் பறிக்கும் என்பதற்கு வியன்னா சாட்சி.

பெண்ணியம் பேசுகிற நாமும் இந்த எண்ணத்துக்குத் தப்பியவர்கள் இல்லை. பெண்ணைப் படிக்க வையுங்கள், குடும்பம் முன்னேறும் என்கிறோம். பெண்களை வேலைக்கு அனுப்புங்கள், நாட்டின் வருமானம் கூடும் என்கிறோம். மேடைக்கு மேடை சொல்லி வந்த வாதங்கள் இவை, பல கதவுகளைத் திறந்தும் இருக்கின்றன. ஆனால் படித்த பெண் குடும்பத்தை முன்னேற்றாமல் தனக்காக மட்டும் வாழ்ந்தால்? வேலைக்குப் போகிறவள் நோயில் விழுந்தால்? அப்போது நம் வாதம் எங்கே நிற்கும்? பயன் என்ற கடனில் வாங்கிய உரிமையை, பயன் தீர்ந்ததும் கடன்காரன் திருப்பிக் கேட்பான். தத்துவ ஆசிரியர் காண்ட் விலையையும் மாண்பையும் பிரித்தார். விலை உள்ள பொருளுக்குப் பதில் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம், மாண்பு உள்ள மனிதருக்குப் பதில் யாரையும் வைக்க முடியாது. அறவியல் வகுப்பில் இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசையில், விசா வரிசையில், பெண் பார்க்கும் கூடத்தில் யாருக்கும் நினைவு வருவதில்லை.

இனி ஒரு பெண்ணின் கதை. எடித் எகர் அன்றைய ஹங்கேரியின் காசா நகரத்துப் பெண். பாலேயும் ஜிம்னாஸ்டிக்ஸும் பயின்றவர். யூதர் என்பதால் ஒலிம்பிக் பயிற்சி அணியிலிருந்து நீக்கப்பட்டவர். 1944 மே மாதத்தில் 16 வயதில் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோனார்கள். தாயை அன்றே பிரித்துக் கொன்றார்கள். அன்று இரவு, தேர்வு செய்து கொல்ல அனுப்பிக்கொண்டிருந்த மருத்துவன் மெங்கலே தடுப்புக் கொட்டகைக்கு வந்து, ஆடத் தெரிந்தவள் யார் என்று கேட்டான். எகர் ஆடினார். அவன் ஒரு ரொட்டி கொடுத்தான். இதுவரைக்கும், கலை காப்பாற்றியது என்று சொல்பவர்களுக்கு இந்தக் கதை வசதியாக இருக்கும். ஆனால் எகர் தன் நினைவு நூலில் இதற்கு மேலும் சொல்கிறார். அந்த ரொட்டியை அவர் கொட்டகையில் இருந்த பெண்களோடு பகிர்ந்துகொண்டார். மாதங்கள் கழித்து, கைதிகளைப் பனியில் நடத்திக்கொண்டு போனபோது அவரால் நடக்க முடியாமல் போயிற்று. விழுந்தவரைச் சுட்டுவிடுவார்கள். அப்போது ரொட்டியில் பங்கு பெற்ற பெண்கள் கைகளைக் கோத்து நாற்காலிபோல் ஆக்கி அவரைச் சுமந்து நடந்தார்கள்.

எகரைக் காப்பாற்றியது எது? கொலைகாரன் முன்னால் ஆடிய ஆட்டமா? கட்டளைக்கு ஆடிய அந்த ஆட்டத்தைக் கலை என்று சொல்லவே எனக்கு நா வரவில்லை. அதற்குக் கிடைத்த ரொட்டி ஒரு வேளைக்குத்தான். பங்கு வைத்த பிறகு அது பல மாதங்களுக்குக் காணுமளவு நின்றது. சுமந்த பெண்களில் யாருக்காவது ஆடத் தெரியுமா என்பதை யாரும் கேட்கவில்லை. ஆடத் தெரிந்தவளைக் காப்பாற்றியவர்கள் பெயர் தெரியாத பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று மருத்துவமனைக்குப் போன தோழிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டு, ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது எனக்கு நினைவு வருகிறது. காலமும் கொடுமையும் வேறு, ஒப்பிடவில்லை. உட்கார்ந்தவர்கள், நோயுற்றவள் டார்கெட் முடிப்பவளா என்று பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அறைத்தோழி என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இதற்கு நம் மரபில் சொல் உண்டா என்று தேடினால், எனக்குக் கிடைப்பது சுற்றம் என்ற சொல். சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்ற வகை இருக்கிறது. பரிசில் பெற்று வரும் பாணனோ கூத்தனோ எதிரில் பசியோடு வரும் இன்னொரு கலைஞனுக்கு வள்ளல் இருக்கும் வழியைச் சொல்வது. ஆடும் மகளான விறலிக்கு வழி சொல்லும் விறலியாற்றுப்படை என்றே ஒரு துறை உண்டு. இந்த வட்டாரத்துக்கும் அதில் பங்குண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை வழிகாட்டுவது காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம். இந்தப் பாட்டுகளைக் கலைக்குக் கிடைத்த மரியாதை என்று பாடம் நடத்துவது வழக்கம். உண்மைதான், வாசலில் கலையைக் காட்டித்தான் உள்ளே போனார்கள். ஆனால் அந்தப் பாணர்கள் தனியாகப் போகவில்லை. ஒட்டிய வயிறோடு ஒரு பெருஞ்சுற்றம் கூடவே போயிற்று. யாழ் வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன், சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும். அந்தக் கிழவிக்கு என்ன பாடத் தெரியும் என்று எந்தப் புலவரும் எழுதி வைக்கவில்லை. பொற்காலத்தைக் காட்டி மார்தட்டுவது என் நோக்கமல்ல. அந்தச் சமூகத்துக்கும் ஆயிரம் வாசல்கள், ஆயிரம் காவல்கள் இருந்தன. ஆனால் ஒருத்தியின் கலை கதவைத் திறந்தால் அவளுடைய சுற்றமும் உள்ளே வரும் என்ற எண்ணமாவது இருந்தது. 1939இன் விசா தனி ஆளுக்குக் கொடுக்கப்பட்டது. ஹோல்கரின் தாய்க்கு என்ன தெரியும் என்று அது கேட்டது.

ஹோல்கருக்கு இங்கிலாந்தில் 1949இல் ஒரு மகன் பிறந்தான். டாரியஸ் என்று பெயர். டவுன் நோய்க்குறியோடு பிறந்த பிள்ளை. இந்த இடத்தில் வியன்னாவை மறக்க முடியாது. நாஜி ஆட்சி 1939லிருந்து 1941க்குள் மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் தேடிப்பிடித்துச் சுமார் 70,000 பேரைக் கொன்றது. வாழத் தகுதியற்ற உயிர்கள் என்று பெயர் வைத்துக் கொன்றது. வியன்னாவின் ஷ்பீகல்கிரண்ட் மருத்துவமனையில் மட்டும் 789 குழந்தைகள் மாண்டார்கள். டாரியஸ் பத்தாண்டு முன்னால், தாய் பிறந்த ஊரிலேயே பிறந்திருந்தால், யூதன் என்று கொல்ல ஒரு காரணம், பயனற்றவன் என்று கொல்ல இன்னொரு காரணம்.

ஹோல்கர் மகனை ஆட வைத்தார். மகனைப் போன்ற மற்றப் பிள்ளைகளையும் ஆட வைத்தார். அவர்களோடு பல ஆண்டு வேலை செய்து, 1968இல் டவுன் நோய்க்குறி உள்ள இளைஞர்களை லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் மேடையேற்றினார். ‘ஒளியை நோக்கி’ என்பது நடனத்தின் பெயர். இப்படிப்பட்டவர்களைத் தொழில்முறை அரங்கில் ஏற்றுவது அன்று யாரும் நினைத்துப் பார்க்காத காரியம். கேம்டன் பகுதியில் இருந்த தன் வீட்டின் நிலவறையில் கடைசிவரை வகுப்பு நடத்தினார்.

இதை ஒரு தாயின் தியாகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நம்மூரில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அது ஒரு வாதமாகவே தெரிகிறது. ஆடத் தெரிந்ததால் உள்ளே விடப்பட்ட ஒரு பெண், ஆடவே தெரியாது என்று உலகம் முடிவு கட்டியவர்களைக் கூட்டி வந்து ஆட வைத்தார். தன்னைக் காப்பாற்றிய அளவுகோலை அவர் தன் மாணவர்கள்மேல் வைக்கவில்லை. தகுதி இருப்பவளுக்கு மேடை என்பதை, மேடை கிடைத்தவளுக்கு அவளுடைய அசைவு வரும் என்று மாற்றிப் போட்டார். கொல்லப்பட்ட தாய்க்கும் உடன்பிறந்தவளுக்கும் அவரால் இனி எதுவும் செய்ய முடியாது. அவர்களைக் கொன்ற எண்ணத்தை எதிர்த்து ஒன்று செய்ய முடிந்தது, செய்தார்.

நமக்கு அருகில் இருக்கும் வாசல்களைப் பற்றியும் ஒரு சொல். 1983லிருந்து கடல் கடந்து வந்த ஈழத் தமிழர்கள் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டதும் இல்லை. முகாமிலிருந்து ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பத்திரிகையில் படம் வருகிறது. இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணுக்குக் குடியுரிமை இல்லையே என்று நாம் உருகுகிறோம். உருகுவதில் தப்பில்லை, அந்தப் பெண்ணுக்காக எழுதுவோம், மனுப் போடுவோம். அதே முகாமில், அதே பத்தடி அறையில், பரீட்சையில் தோற்றுப்போன ஒரு தங்கை இருப்பாள். பெயின்ட் அடிக்கப் போகிற அண்ணன் இருப்பான். இடுப்பு ஒடிந்த பாட்டி இருப்பாள். மனுவில் அவர்கள் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். அவர்களுக்கு என்ன தெரியும் என்று அதிகாரி கேட்டால், அந்தக் கேள்வியே வேண்டாம் என்று சொல்ல நாம் பழகிக்கொள்ள வேண்டும்.